அரை மூச்சு முன்னால்

டிக்கெட் முப்பத்தைந்து டாலர்.
முதியோர் சலுகை போக இருபத்தெட்டு.
கொடுத்தேன்.
ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன்
"அவர் பாட்டெல்லாம் தெரியுமா உங்களுக்கு?" என்றான்.
"ஒன்றிரண்டு" என்றேன்.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கப்பல்கள் கரையோடு கிடக்கும் மாதம்.
தொழிற்சங்க மண்டபத்தில்
ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை,
காப்பி, வார்னிஷ்,
யாரோ உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு.
மேடைக்கு மேலே ஆர்லன் க்விஸ்ட்
மூன்று ஆள் உயரத்துக்குத் தொங்கினான்.
செத்துப் பதினோரு மாதம்.
இருந்தபோது ஐந்தடி ஆறங்குலம்;
அதிலும் பூட்ஸுக்குள் மடித்த அட்டை.

"எங்கள் ஏரியின் குரல்" என்றார் முதலில் பேசியவர்.
இரண்டாமவரும் அதையே
கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.
ஏரியைக் கண்டால் ஆர்லனுக்குக் குமட்டும்.
ஒரே ஒரு தடவை படகேறினான்,
கரையை விட்டு நூறு கஜம் போகுமுன்
என் தொப்பிக்குள் வாந்தியெடுத்தான்.
நல்ல தொப்பி அது.

பிள்ளைகள் நன்றாகத்தான் வாசித்தார்கள்.
பான்ஜோக்காரிக்கு விரலா, மழையா!
ஃபிடில் பையன் கண்ணை மூடிக்கொண்டு
எங்கேயோ போய்
சரியான நேரத்துக்குத் திரும்பிவந்தான்.
கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.
பிறகு காலால் தாளம் போட்டேன்.
முட்டி அனுமதித்த வரைக்கும்.

அப்புறம் அந்தப் பாட்டு.
தாதுக்கப்பலின் சமையற்காரன் பாட்டு.
முதல் சுருதியிலேயே
மண்டபம் ஒரு பெரிய பிராணி போல நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, நவம்பர்.
மினியாபொலிஸில் ஒரு நிலவறை,
கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒற்றை மைக்.
நாற்பது நிமிடத்துக்குத்தான் காசு கட்டியிருந்தான்.
ஒன்பது பத்துக்கு எனக்குக் கடைசிப் பேருந்து;
ரூனா பக்கத்து வீட்டில், பல் முளைக்கும் காய்ச்சலோடு.
பாடினேன், கண் முழுக்கக் கடிகாரத்தில்.
மூன்றாவது சரணத்தில்
அவன் வரியை முடிக்குமுன்
அரை மூச்சு முந்திவிட்டேன்.
ஆர்லன் முறைத்தான்.
"இன்னொரு தடவை?" என்றேன்.
ஒலிப்பதிவுக்காரர் கையை விரித்தார்.
அப்படியே போயிற்று தட்டுக்குள்.
உறையின் பின்பக்கம், எறும்பெழுத்தில்
உடன்குரல்: எஸ். ட்வீட்.
என் பெயர் ட்வைட். அதுவும் தப்பு.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம்
தானியக் கிடங்கின் அலுவலகத்தில்
கூட்டினேன், கழித்தேன்,
ஒரு சென்ட் பிசகியதில்லை.

இப்போது மூன்றாவது சரணம்.
"எல்லாரும்!" என்று கை தூக்கினாள் பான்ஜோக்காரி.
மண்டபம் வாய் திறந்தது,
அரை மூச்சு முன்னால்.
சுருதி சுத்தமாக, பயமே இல்லாமல்,
அதற்காகவே எழுதிய பாட்டு போல.
முந்நூறு பேருக்கும்
ஒன்பது பத்துக்குப் பேருந்து.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை.
திரும்ப வந்தபோது
நான் பொறுத்திருந்தேன்.
வரி முடியட்டும் என்று விட்டேன்.
அவன் எழுதியபடி, அவன் கேட்டபடி,
சரியான இடத்தில் எடுத்தேன்.
தனியாக விழுந்தது என் குரல்,
வரிசையில் கடைசியாக வந்து
கதவு சாத்தியிருக்கக் கண்டவள் போல.

பக்கத்து இருக்கைக்காரி, ஐம்பது வயதிருக்கும்,
என் முழங்கையைத் தொட்டாள்.
கோபமில்லை, கனிவுதான்.
"அந்த இடம் எல்லாருக்கும் தவறும்.
கொஞ்சம் சீக்கிரம் எடுக்கணும்.
அதுதான் பாட்டே."

கடைசிச் சுற்றில் சீக்கிரம் எடுத்தேன்.
அவள் தலையாட்டினாள்.

கோட்டு வாங்கும் வரிசையில்
மறுபடி எனக்கு முன்னால் அவள்தான் நின்றாள்.
அந்தப் பேருந்து எனக்குக் கிடைக்கவில்லை,
விடியும்வரை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு
அந்த மூன்றாவது சரணத்தை
முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.